நூத்துக்கு நாலு

ரசாக்குக்குக் கண்ணையா மேல் பன்னிரண்டு வருசமாக ஒரு கோபம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு சின்னக் கோபம். சின்னது என்பதால்தான் அது சாகவும் இல்லை.

வருசம் தவறாமல் ஜனவரியில் கோயமுத்தூரிலிருந்து ஒரு கூட்டம் கோடியக்கரைக்குப் பறவை எண்ணப் போகும். விடியக் கிளம்பினால் காங்கேயம், கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று நானூறு கிலோமீட்டர் தாண்டி, பொழுது சாயும்போது வேதாரண்யம் போய்ச் சேரும். வேன் ரசாக்குடையது. மறுநாள் காலை உப்பளத்து வரப்பில் கண்ணையா தன் தொலைநோக்கிக் குழாயை முக்காலியில் ஏற்றி நிறுத்துவார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பூநாரைகளைப் பார்த்து, "ஐயோ, என்ன ரோசு!" என்பார்கள். டாக்டர் பார்ப்பார், டாக்டர் வீட்டுக்கு வந்த விருந்தாளி பார்ப்பார். ஒரு வருசம் உப்பளத்து வாட்ச்மேன் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, சம்சாரத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அந்த முக்காலியை வேனிலிருந்து இறக்கி, கணுக்கால் சேற்றில் தோளில் சுமந்து கொண்டுபோய் வைக்கிறவன் ரசாக். அவனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீங்களும் பாருங்க பாய்" என்று அந்த மனுசன் கூப்பிட்டதில்லை.

கோயமுத்தூர் கரும்புக்கடையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்து வேன் கழுவும்போதெல்லாம் இதைச் சொல்லிப் புலம்புவான். அவன் சம்சாரம் சாஜிதா பேகம் பக்கெட்டை நீட்டியபடி கேட்பாள்.

"ஏனுங்க, அந்தக் குழாய்க்குள்ள அப்பிடி என்ன, நம்ம ஊட்டுப் பட்டாவா தெரியுது?"

"உனக்குப் புரியாது போ."

"ஒருக்கா வாயத் தொறந்து கேட்டா என்னவாம்?"

"நானா போயி கேக்கணுமா? கூப்பிடத் தெரியாதா அந்தாளுக்கு?"

ஒருத்தன் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட பிறகு போக வேண்டும். ரசாக் வளர்ந்த விதம் அப்படி. அடுத்தவன் பொருளைத் தானாகக் கேட்பது பிச்சைக்குச் சமம் என்று அவன் வாப்பா சொல்லி வளர்த்திருந்தார்.

இத்தனைக்கும் கண்ணையா பெரிய மனுசரும் இல்லை. கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் முப்பது வருசம் வேலை பார்த்தவர். பாட்டன் காலத்திலேயே ஆந்திராவை விட்டு வந்த குடும்பம். அந்த வகையறாவில் மில் கட்டினவர்களும் உண்டு, இவர் மாதிரி மில்லுக்குப் பின்புறச் சந்தில் லைன் வீட்டில் காலம் தள்ளினவர்களும் உண்டு. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று வேனில் எப்போதும் டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். அதனால் அவர் கதை முழுக்க ரசாக்குக்குத் தெரியும். கேட்டு வாங்கியதில்லை. கரூர் தாண்டும் வரைக்கும் அவராகவே சொல்லிக்கொண்டு வருவார்.

கம்பெனியில் அவருக்கு டெஸ்ட் பெட் வேலை. செய்து முடித்த பம்பைத் தொட்டிமேல் ஏற்றி ஓட்டி, நிமிசத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தள்ளுகிறது என்று மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். மீட்டர் காட்டுவதை எழுதுவார், அதற்கு மேலும் எழுத மாட்டார், கீழும் எழுத மாட்டார். ஷெட்டில் அவருக்கு வைத்த பேர் 'அரை நூலு'. அரை நூல் பிசகினாலும் பம்பைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பேர். ஒரு வருசம் அவசர ஆர்டர். நூறு பம்பில் முப்பது தண்ணீர் குறைச்சலாகத் தள்ளியது. "கண்ணையா, கண்ண மூடிக்கிட்டு பாஸ் போடுப்பா" என்றார் மேனேஜர். கண்ணையா போடவில்லை. மறுநாள் அவரைத் தூக்கி ஸ்டோர் ரூமில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். அவர் விட்டுவந்த ரிஜிஸ்டரில் அன்றைக்கே வேறொருத்தன் முப்பது கட்டத்தையும் நிரப்பினான். ரிட்டையர் ஆகும் வரை ஆறு வருசம் அந்த நட்டு போல்ட்டுதான்.

"எடத்த வெறுமையா உட்டா எவனாச்சும் எதையாச்சும் எழுதிப்போடுவானுங்க, பாய்" என்பார். கதை அங்கே வந்து நிற்கும்போது வண்டி சரியாகக் கரூர் பைபாசில் இருக்கும்.

பறவைக் கிறுக்கு பிடித்ததும் அந்த டெஸ்ட் பெட்டில்தான். பம்பு தள்ளும் தண்ணீர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய தொட்டியில் போய் விழும். அதில் முக்குளிப்பான் ஜோடி ஒன்று குடியேறியது. பம்பு ஓடும் நேரம் சும்மா நிற்பதற்கு அவற்றை எண்ண ஆரம்பித்தார். அப்புறம் சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம், கடைசியில் கோடியக்கரை. பி.எஃப். பணத்தில் குழாய் வாங்கினார். பத்மாவதியம்மா, அவர் சம்சாரம், அந்த வருசம் தீபாவளிக்குச் சேலை எடுக்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்வார்.

பேர்களெல்லாம் அவர் வாயால்தான் ரசாக் காதில் விழுந்தன. முதல் வருசம் வேன் போய்க்கொண்டிருக்கும்போதே "வக்கா! வக்கா!" என்று கத்தினார். எந்த அக்காவை ஏற்ற மறந்தோம் என்று ரசாக் பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். வேனே சிரித்தது. வாய்க்கால் மேட்டில் ஒரு சாம்பல் நிறக் குருவி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுக்குப் பேர் வக்காவாம். அன்றைக்கு ரசாக்கும் சிரித்தான். கோபம் ஆரம்பித்தது அதற்கு மறுநாள்.

கடைசி மூன்று வருசமாகக் கோபம் இன்னும் முற்றிப்போனது. கண்ணையா வரப்பில் நடப்பதை நிறுத்திவிட்டார். "காலு மரத்துப் போகுது, நீங்க போயிட்டு வாங்க" என்று கூட்டத்தை அனுப்பிவிட்டு, வேனுக்குப் பக்கத்திலேயே குழாயை நிறுத்திக்கொள்வார். பேசும்போது ரசாக் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. ரசாக் இந்தப் பக்கம் நின்றால் அவர் பார்வை ஒரு முழம் தள்ளி எங்கோ போகும். டிரைவர் மூஞ்சியைப் பார்த்துப் பேசக்கூட ஆகாதோ என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது போதாதென்று ஒரு விளையாட்டு வேறு. குழாயில் கண்ணை வைத்துக்கொண்டே கேட்பார்.

"பாய், அந்த மடையிலிருந்து தெங்கோடி வரைக்கும் உங்க கணக்குல எத்தன இருக்குமுங்க?"

எண்ணுவது ரசாக்குக்குப் பெரிய காரியமில்லை. வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய் மண்டியில் ஒன்பது வருசம் காய் எண்ணியவன். ஒன்று என்று சொல்லக்கூடாது, "லாபம்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று கை பாட்டுக்குப் போடும், வாய் பாட்டுக்குச் சொல்லும். நூறு ஆனதும் கணக்கில் சேராமல் நாலு காய் கூடப் போட வேண்டும். அதுக்குப் பேர் லாபக்காய், மண்டிக்குச் சேரும். நாளாக ஆக நூறைத் தனியாக, நாலைத் தனியாகப் போடுவதில்லை. அவன் கைக்கு நூறு என்றாலே அந்த நூற்று நாலு காய்க் குவியல்தான். மாசாணியம்மாள் என்று நாற்பது மரம் வைத்திருந்த ஒரு பொம்பளை, புருசன் இல்லாதவள், ஒருநாள் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாமி, உங்கையில நாலு காயிக்கு ஓட்டை இருக்குது." அடுத்த வாரமே அவன் மண்டியை விட்டான். அதற்கப்புறம் தேங்காயைத் தொட்டு எண்ணியதில்லை.

ஆனால் கண் அதை மறக்கவில்லை. எதிரே பூநாரைக் கூட்டம் நின்றால் அதுவாக நூறு நூறாகப் பிரித்துப் போட்டுவிடும். சொல்வான். "ம்ம், நானும் அப்பிடித்தான் பாக்கறனுங்க" என்று கண்ணையா நோட்டில் எழுதிக்கொள்வார். எதற்கு இந்த ஆழம் பார்க்கிற வேலை? விலை உயர்ந்த குழாயை இவர் வைத்துக்கொள்வாராம், வெறுங்கண்ணை வைத்துக்கொண்டு இவன் பரீட்சை எழுத வேண்டுமாம்.

ஊருக்கு வந்த பிறகு கணக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். 'பூநாரை, எண்ணியவர்: கண்ணையா.' கீழே மதியச் சாப்பாடு தந்த மெஸ்ஸுக்கு நன்றி இருக்கும். வேனுக்கு இருக்காது.

போன ஜனவரியில் அது நடந்தது.

காலை ஏழு மணி இருக்கும். கூட்டம், அதை நடத்துகிற இனியா என்ற பெண்ணோடு கிழக்கே உள்ளான் குருவி பார்க்கப் போய்விட்டது. ஐ.டி.யில் வேலை பார்க்கிறவள், முப்பது வயசு, எல்லாரையும் அங்கிள், அண்ணா என்று இழுத்துப்போட்டுக்கொண்டு ஓடுகிறவள். வேனுக்குப் பக்கத்தில் கண்ணையாவும் குழாயும் மட்டும். உப்பங்காற்று. மடைக்கு அந்தப் பக்கம் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து நின்றன. முன்னெல்லாம் நின்ற நீளத்தில் பாதிதான் இருக்கும்.

"எத்தனைங்க பாய் இருக்கும்?"

ரசாக் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணால் பிரித்துப் போட்டான். "ஆயரத்து நூறுங்க."

"ம்ம். நானும் அப்பிடித்தான் பாக்கறனுங்க. நல்லாத் தெரியுது இன்னைக்கு. குஞ்சுக கூட இருக்குது, சாம்பலா."

முன்கண்ணாடியில் உப்பு படிந்திருந்தது. துடைக்கலாம் என்று துணியோடு இறங்கிச் சுற்றி வந்தான். குழாயின் முன்பக்கம் வந்தபோது நின்றுவிட்டான்.

மூடி கழட்டவில்லை.

கறுப்பு மூடி, சோற்றுக்கரண்டி அகலம், கச்சிதமாக அப்படியே பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் கண்ணையா ஒரு கண்ணை இறுக்கி மூடி, மறு கண்ணைக் குழாயில் வைத்து, குனிந்து, ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரசாக்குக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ணா. மூடி கழட்டலீங்க."

"எந்த மூடிங்க?"

"குழாய் மூடிங்க. அதுக்குள்ள ஆயரத்து நூறு எங்கீங்க தெரிஞ்சுது? குஞ்சு வேற தெரியுதுன்னீங்க."

கண்ணையா நிமிரவில்லை. கை மட்டும் குழாயின் மேலேயே தடவிக்கொண்டு போய் மூடியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது.

"எத்தன நாளாங்க?" என்றான் ரசாக்.

"மூணு வருசமாச்சுங்க. சக்கரை கண்ணுக்குள்ள எறங்கிப்போச்சு. நடுவுல கறுப்பா ஒரு தட்டு. ஓரத்துல மட்டும் தெரியும். உங்க மூஞ்சி தெரியோணும்னா உங்க காதுக்கு அக்கட்ட பாக்கோணும்."

"அப்ப மூணு வருசமா நோட்டுல எழுதுனது?"

"நீங்க சொன்னதுதானுங்க."

ரசாக் கையிலிருந்த துணியை முறுக்கினான். "எங்கண்ணுங்க. உங்க பேருங்க."

"நீங்க சொன்னத அப்பிடியே எழுதலீங்க" என்றார் கண்ணையா. இப்போதுதான் நிமிர்ந்தார். பார்வை ரசாக் காதுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. "மொத வருசம் கொஞ்சம் பார்வை இருந்துதுங்க. அஞ்சு தடவ உங்க கணக்கையும் எங்கணக்கையும் சரி பாத்தேன். அஞ்சு தடவையும் உங்குளுது நூத்துக்கு நாலு கொறைஞ்சுது. அப்பறம் சேத்துச் சேத்துத்தான் எழுதறனுங்க."

நூத்துக்கு நாலு. ரசாக்குக்குக் காது சுட்டது. எந்த மண்டியை விட்டு ஓடிவந்தானோ, அது இருபத்தைந்து வருசம் கழித்து உப்பளத்தில் வந்து நின்றது. அவன் பார்வைக்கு நூறு என்பது இன்னும் நூற்று நாலுதான்.

"ஒரே மாதிரி தப்புப் பண்ற மீட்டரு நல்ல மீட்டருங்க, பாய். எவ்வளவு கொறைக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"நான் மீட்டருங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. நான் மனுசங்கள இவ்வளவு நம்புனதில்லீங்க."

"அதான் பன்னெண்டு வருசமா ஒருக்காகூட இதுல பாக்க உடலீங்களாக்கும்! வாட்ச்மேனக் கூப்புட்டீங்க. அவன் சம்சாரத்தக் கூப்புட்டீங்க. செமக்கறவன் நானு. ஒரு வார்த்த!"

கண்ணையா கொஞ்சநேரம் யோசித்தார். உண்மையிலேயே ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

"கேட்டேனுங்களே. மொத வருசம். மொத நாளு. பாக்கறீங்களான்னு கேட்டேன். 'இருக்கட்டுமுங்க'ன்னு சொன்னீங்க."

ரசாக் தன்னையே கேட்டுப் பார்த்தான். சொல்லியிருப்பான். கண்டிப்பாகச் சொல்லியிருப்பான். காபி நீட்டினாலும் இருக்கட்டுமுங்க, நாற்காலி போட்டாலும் இருக்கட்டுமுங்க. முதல் தடவை அப்படித்தானே சொல்ல வேண்டும்? சொல்லாமல் லபக்கென்று வாங்கிக்கொண்டால் என்ன மரியாதை?

"இருக்கட்டுமுங்கன்னா... இன்னொருக்கா கேக்கறதில்லீங்களா?" என்றான். குரல் அவனுக்கே சின்னப் பிள்ளை குரலாகக் கேட்டது.

"மீட்டரு ஒருக்காக் காட்டுனா எழுதிக்குவேனுங்க. இன்னொருக்காத் தட்டிப் பாக்கற பழக்கம் எனக்கில்ல" என்றார் கண்ணையா. பிறகு, மூடியை விரலால் தடவியபடியே, "இப்பப் பாருங்க" என்றார்.

"இப்ப எதுக்குங்க? மீட்டருக்கு எதுக்குங்க குழாயி?"

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். பன்னிரண்டு வருசம் ஏங்கியது எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் போகவில்லை.

வரப்பில் இனியா ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அங்கிள், பூநாரை முடிஞ்சுதா? வர வர உங்க எழுத்து யானை சைஸ் ஆகுது, நீங்களே சொல்லுங்க, நான் போன்ல ஏத்திக்கறேன்."

கண்ணையா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியான பக்கம் இல்லை. அவருடைய கழுத்து நரம்பு எழும்பி நின்றதை ரசாக் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். மூடியைக் காட்டினால் போதும். அடுத்த வருசம் அச்சில் அந்தப் பேர் இருக்காது. எந்தப் பேர் இருக்கும் என்பது வேறு விசயம்.

ரசாக்கின் கை போய் மூடியைக் கழட்டித் துணிக்குள் சுருட்டிக்கொண்டது. கை ஏன் போனது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. போனதே என்று இன்றைக்கும் வயிறு எரியும்.

"அண்ணன் எண்ணிப்போட்டாருங்க, அம்மணி. ஆயரத்து நூறு."

"ஆயரத்து நூத்தி நாப்பத்தி நாலு" என்றார் கண்ணையா உடனே.

இனியா சிரித்தாள். "அந்த நாப்பத்தி நாலையும் விடமாட்டாரு பாருங்க டிரைவர் அண்ணா, எங்க அங்கிள்!"

திரும்பி வரும்போது கரூர் பைபாசில் கண்ணையா கதை சொல்லவில்லை. ரசாக் பாட்டுப் போட்டுக்கொண்டான்.

அதோடு பத்து மாசம் பேச்சில்லை. கார்த்திகையில் பத்மாவதியம்மா போன் பண்ணினார். "ஒருக்கா வந்துட்டுப் போங்க பாய். ஒரு மாசமா உங்களத்தான் கேக்கறாரு. பையனக் கேக்கல."

ஆவாரம்பாளையத்து லைன் வீடு. கண்ணையா சுவரோரம் கட்டிலில் கிடந்தார். இடது பாதம் இல்லை. கிட்னியும் கைவிட்டாயிற்று, வாரம் மூன்று நாள் மிசின் வைக்கிறார்கள், இனிமேல் வைத்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லியாயிற்று. மகன் சசிதர் ஐதராபாத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, பீரோ மேலிருக்கும் குழாயைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஆன்லைனில் விற்கலாமாம்.

காபி கலக்கப் போகும்போது பத்மாவதியம்மா ரசாக்கைச் சமையல்கட்டு வாசலில் நிறுத்தினார். "கண்ணு போயி நாலு வருசம் ஆகுதுன்னு டாக்டர் இப்பத்தான் சொல்றாருங்க. எங்கிட்டச் சொல்லல. அப்ப வருசா வருசம் அங்க போயி எதைப் பாத்துட்டு வந்தாருங்க இந்த மனுசன்? உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க" என்றான் ரசாக்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. ரசாக் உட்கார்ந்து, தன் காதுக்கு அந்தப் பக்கம் அவர் பார்வை வருவதற்காகக் காத்திருந்தான். வந்தது.

"நல்லாருக்கீங்களா பாய்?"

"இருக்கறனுங்க."

"இருவத்தி ரெண்டு வருசம். ஒரு வருசம்கூட கட்டம் வெறுமையாக் கெடக்கல. கொரோனா வருசம்கூட மாஸ்க்கு மாட்டிக்கிட்டுப் போனேன். இந்தப் புள்ள இனியா, ட்ரோன் உட்டு எண்ணிக்கலாம், கவலப்படாதீங்க அங்கிள்ங்குது." மூச்சு வாங்கினார். "எடத்த வெறுமையா உட்டா..."

"தெரியுமுங்க" என்றான் ரசாக்.

பத்மாவதியம்மா டம்ளரை நீட்டினார். "இருக்கட்டுமுங்க" என்றான். அவர் விடவில்லை, "அட, குடிங்க பாய்" என்றார். வாங்கிக்கொண்டான்.

கண்ணையா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

"குழாயி பீரோ மேல இருக்குது" என்றார். "எடுத்துக்குங்க."

பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. "இருக்கட்டுமுங்க ணா."

கண்ணையா கண்ணை மூடிக்கொண்டார். ரசாக் காபியைக் குடித்து முடித்தான். நெஞ்சுக்குள் பழைய கோபம் அதே இடத்தில், அதே சூட்டோடு உட்கார்ந்திருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "வாரேனுங்க" என்றான். வாசலுக்கு வந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தான்.

"பாய்."

அவன் நின்றான். ஒரு விசயத்தை அந்த மனுசன் இரண்டாம் தடவை கேட்டு அவன் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க பாய். மூடியக் கழட்டிட்டு, நல்லா வயிறு நெறையப் பாருங்க. பாத்து எண்ணி, நூத்துக்கு நாலு சேத்துப்போட்டு, எம் பேர்லயே எழுதிக் குடுத்துருங்க."